ஒரு ஆளுக்கான தொகை

பி.காம். பரீட்சையில் வரவு செலவுத் திட்டத்துக்கு விளக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். வருவதையும் போவதையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது, அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் கணக்கெழுதப் போன முதல் வருடமே அந்த மிதப்பு இறங்கிவிட்டது.

அதே கம்பெனியில் என் அக்கா வெடிகளுக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் என் படிப்புக்கும் வாங்கிய கடனை அவள் கூலிதான் கரைத்துக்கொண்டிருந்தது. ஒரே வேனில் போவோம். கேட்டைத் தாண்டியதும் நான் ஆபீஸுக்கு, அவள் வேப்பமரங்களுக்கு அந்தப் பக்கம் தள்ளித் தள்ளிக் கட்டிய அறைகளுக்கு.

சீசனுக்கு முன்னால் முதலாளி பட்ஜெட் சொல்லச் சொல்ல, நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மூலப்பொருள், கூலி, வேன் வாடகை, அட்டைப்பெட்டி. கடைசியில், "எதிர்பாராச் செலவுன்னு ஒண்ணு போடும்மா" என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார். ஜெனரேட்டர் பழுதாகும், மழையில் சரக்கு நனையும், அதற்காக இருக்கும். ஆனால் மற்ற செலவுகளுக்கெல்லாம் ஒரு கணக்கு இருந்தது, இதற்கு இல்லை. என் கெட்டிக்காரத்தனம் சும்மா இருக்குமா?

"இது எப்படி வந்துச்சு அண்ணாச்சி?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரு ஆளுக்குத்தாம்மா போட்டிருக்கேன். அதுக்கு மேல நமக்குத் தாங்காது."

விபத்தில் உயிர் போனால் வீட்டாருக்குக் கொடுக்கும் பணம். அவர் கொடுமைக்காரர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு காலையில் வேனைவிட்டு முதலில் இறங்கி ஓரமாக நின்றுகொள்வேன். தூக்குவாளியோடு ஒவ்வொருத்தியாக இறங்குவார்கள். பணம் தயாராக இருந்தது, ஆள்தான் முடிவாகவில்லை. அக்கா கடைசியாக இறங்கி, "பேயறைஞ்ச மாதிரி எதுக்குடி நிக்கிற?" என்பாள். எங்கோ கதவு அடித்துச் சாத்தினால்கூட கீபோர்டில் என் விரல்கள் நின்றுபோகும். சாப்பாட்டு நேரத்தில் மரங்களுக்கு நடுவே அவள் தலை தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

தீபாவளிக்கு முன்னால் கடைசி லோடும் போனது. எதிர்பாராச் செலவுக்கு நேரே, செலவானது என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன். எந்தப் பெரிய தொகையும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை. முதலாளி எட்டிப் பார்த்தார். "அதை அப்படியே அடுத்த வருசத்துக்குக் கொண்டு போயிரும்மா."

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலையை விட்டுவிடு என்று அழுதேன். அவள் குழாயடியில் உட்கார்ந்து, தேங்காய் நாரால் நகக்கண்ணில் ஏறிய அலுமினியத் தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆளுக்கு எம்புட்டுடி?"

சொன்னேன்.

நார் தேய்ப்பது நின்றது. "அம்புட்டா? நம்ம கடன் பூரா அடைஞ்சிருமேடி."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அவள் உதடு அசைய, மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.