குலேந்திரன் திறக்காத கதவு

குலேந்திரன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் காபிக்கு வரிசையில் நின்றிருந்தேன். நர்ஸ்தான் போனில் சொன்னது. ஏழு மாடியையும் படிக்கட்டிலேயே ஏறினேன். லிஃப்டே எனக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

அவரைத் தெரியாத தமிழர் ஆக்லாந்தில் உண்டா? யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடம் விமானத்தில் பயணிகளைக் கவனித்தவர். எட்டு நாட்டு அதிபர்களுக்குத் தன் கையால் தேநீர் கொடுத்தவர். இருந்திருந்தால், "ஒராள்தான் அண்ணை, அவரும் குடிக்கேல்லை" என்று திருத்தியிருப்பார்.

சிங்கப்பூருக்குப் பறந்தபோது விமானிகளோடு காக்பிட்டில் உட்கார்ந்து போன என் கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீடு, கோவில், பாட்டனி டவுன்ஸ் கடைவாசல் என்று நான் சொல்லாத இடமில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். நான் உள்ளே போகவே இல்லை. அன்று அந்த விமானத்தில் வேலையில் இருந்த குலேந்திரன் கதவை மறித்து நின்றார்.

"அஞ்சு நிமிஷம்யா. என்னைப் பார்த்தா பைலட்டே சந்தோஷப்படுவாரு."

"ஓம், சந்தோஷப்படுவார். ஆனா பறக்கேக்க பயணி உள்ள போகேலாது. என்ர அப்பா வந்தாலும் விடமாட்டன்."

அப்போது பார்த்து ஒரு பைலட் கழிவறைக்குப் போக வெளியே வந்தார். உடனே குலேந்திரன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு எரிச்சல். திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நீ மட்டும் போகலாமா?"

"ஒராள் வெளியில வந்தா எங்களில ஒராள் உள்ள போக வேணும். மற்றவரைத் தனிய விடக்கூடாது. எங்கட சட்டம் அது."

"உள்ள போய் நீ என்ன பண்ணுவே, ஓட்டவா போறே?"

"ஒண்டும் இல்லை அண்ணை. சும்மா நிக்கிறதுதான்."

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அவர் முன்னாலேயே என் கதையை அளந்தேன். தலையை மட்டும் ஆட்டுவார். ஒருவரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை.

என் மனைவி இறந்த பின், தினம் மாலை ஐந்து மணிக்கு எப்சமிலிருந்து இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்தார். சோபாவில் உட்காருவார். அதிகம் பேசவும் மாட்டார். "ஏன்யா இப்படி அலையுறே?" என்று கேட்டேன்.

"அண்ணி வெளியில போயிட்டா எல்லே, அண்ணை."

அவருக்கு இங்கே சொந்தம் யாருமில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நான்கு நாளும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அன்று, "காபி வாங்கிட்டு வரேன்" என்றேன். கண்ணால் கதவைக் காட்டினார். போய்வரச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்துவிட்டேன். நர்ஸைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

ஏழு மாடி என்று மேலே எழுதிவிட்டேன். இரண்டுதான். அதற்கும் லிஃப்டுக்காகக் காத்து நின்றேன்.

அவர் சொன்ன அந்தச் சட்டமும், சோபாவில் அவர் உட்கார்ந்து பள்ளமான இடமும் என்னிடம் இருக்கின்றன. ஐந்து மணிக்கு வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன். யார் உள்ளே வரலாம் என்று என் வீட்டில் சட்டம் எதுவும் இல்லை.