எஸ்தர் டாக்டரிடம் நான் சொன்ன பொய்

எஸ்தர் டாக்டர் இன்று காலை இறந்துவிட்டார்கள்... லேபில் இருந்து போன் வந்தது. ஆபீஸில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உங்களில் பலருக்கு அவர்களைத் தெரிந்திருக்காது. பயாப்ஸி சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர். நோயாளிகள் இவர்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் குடலில் கட்டி. கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, குடல் புற்றுநோய் மாதிரி இருக்கிறது, வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். பயாப்ஸி எஸ்தர் டாக்டரிடம் போனது.

இரண்டு நாளில் போன். "தம்பி, அம்மைக்கு முன்னால ஏதும் ஆபரேஷன் நடந்திருக்கா?"

"இல்ல டாக்டர்."

பச்சைப் பொய். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே அம்மாவுக்குப் புற்று வந்து ஒரு பக்க மார்பை எடுத்திருந்தார்கள்.

தங்கச்சிக்கு ஏரலில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம் அது. மார்புப் புற்று என்றால் மகளுக்கும் வரும் என்று சம்பந்தத்தை முறித்துவிடுவார்களோ என்று பயம். லேப் கவுண்டரில் இருந்த பெண் மாப்பிள்ளை வீட்டுத் தெருக்காரி... பாரத்திலும் "இல்லை" என்றே எழுதிக் கொடுத்திருந்தேன். பெரிய புத்திசாலி!

அன்று சாயங்காலம் மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு முன்னால் ஆட்டோ. டாக்டரே வந்துவிட்டார்கள்.

"தம்பி, நீ போயி பால் வாங்கிட்டு வா." வீட்டில் பால் இருந்தது. போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா எல்லாவற்றையும் சொல்லி அழுது முடித்திருந்தாள். டாக்டர் அவள் கையை விடவில்லை.

"குடல்ல பிறந்த செல்லு இப்படி ஒத்த வரிசையில நிக்காதுக்கா. மார்புல இருந்து வந்திருக்கும்னு தோணுது. இன்னொரு டெஸ்ட் போட்டுப் பாத்துருவோம்."

அப்படித்தான் இருந்தது. அடைப்பு முழுசாக இல்லாததால் கத்தி வைக்கவில்லை, மார்புப் புற்றுக்கான மாத்திரை தொடங்கினார்கள். தீராது, ஆனால் கட்டுக்குள் இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார்கள்.

அப்புறம் ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்கள். "எனக்கு அப்பவே தெரிஞ்சிட்டு. 'இல்ல'ங்கிற ஒரு வார்த்தைய சொல்லுததுக்கு உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சி!"

தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சம்பந்தி வீட்டுக்கு இன்று வரை தெரியாது...

மதியம் அம்மாவிடம் சொன்னேன். டாக்டரைப் பற்றி எழுதப் போகிறேன், உனக்கு வயிற்று வலி என்று மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்றேன்.



"ஏம்ல மறைக்க? எனக்கு மார்புல வந்த புத்துன்னே எழுது. ஏரல்காரங்க படிச்சா படிக்கட்டும்."

எழுதிவிட்டேன் டாக்டர்.

அடக்கத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.