கதவை மறித்த செருப்புகள்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த மோர்டன் நகரில், வாடகை மண்டபமொன்றில் நடந்த நவராத்திரிப் பூசையில் ஒருவரைப் பார்த்தேன். ஒல்லியானவர், கசங்கிய கோட்டு. தூரத் தீவொன்றில், உறங்கும் எரிமலையின் அடிவாரத்து மக்களைப் பாதுகாக்கும் வேலை அவருக்கு; விடுப்பில் வந்திருந்தார். ஒவ்வொரு நாளும் மண்டபத்துக்கு வந்ததும், பின்கதவை மறித்துக் கிடக்கும் எங்கள் செருப்புகளை ஒதுக்கி வழி உண்டாக்குவார்.

"அண்ணை, ஒவ்வொரு நாளும் ஏன் இந்தப் பாடு?" என்றேன்.

"தங்கச்சி, அங்கை சனம் தப்பியோட ஒரே றோட்டுத்தான். அதை மறிச்சுச் சந்தைக் கடையள். எடுங்கோ எண்டால், 'மலையே நித்திரை, நீ ஏன் முழிச்சிருக்கிறாய்?' எண்டு சிரிக்கினம். அங்கை என்னாலை ஏலாமல் போச்சு. இந்தக் கதவையாவது..."

"ஆர் என்ரை சப்பாத்தை எடுத்தது?" என்று பின்னால் ஒருவர் கத்தினார். அண்ணை போய்த் தேடிக் கொடுத்தார்.

மறுநாள் அவர் தீவுக்கு விமானம் ஏறினார். அன்றிரவு பூசை முடிந்து பின்கதவால் வந்த நான், செருப்புகளை மிதித்துத்தான் வெளியேறினேன்.