கூறைப்பெட்டியும் ஒரு வாளி தண்ணீரும்

குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் பயணிகள் படகு ஓட்டியே என் தலை நரைத்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்பார்கள், வாடைக்காற்றைப் பற்றிக் கேட்பார்கள். ஆட்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் ஒரு கார்த்திகை மாதத்துக் கலியாணப் பயணத்தை இங்கே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை புங்குடுதீவு, பெண் நெடுந்தீவு. கடல் மோசமென்று முதல் நாள் படகு ஓடவில்லை. மறுநாள் காற்றுக் கொஞ்சம் தணிந்ததால் ஓட அனுமதி கிடைத்தது. முகூர்த்தம் அன்று நண்பகல். மாப்பிள்ளை வீட்டார் பட்டும் சால்வையுமாகவே ஏறினார்கள். நான் லைஃப் ஜக்கெற்றை நீட்டியதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் முகத்தைச் சுளித்தார்.

"டீசல் மணக்குது தம்பி. பட்டுக்கு மேல உதைப் போடேலாது."

"போடாட்டில் படகு வெளிக்கிடாது ஐயா."

முறைத்துக்கொண்டே போட்டார். மாப்பிள்ளையின் அக்கா கூறைச்சேலையும் தாலிக்கொடியும் வைத்த பெட்டியை மடியில் அணைத்தபடி இடப்பக்கப் பலகையில் இருந்தார்.

நயினாதீவைத் தாண்டியதும் காற்று மறுபடி கூடியது. வடக்கிலிருந்து வந்த அலை வலப்பக்கத்தில் மோதி, சாரல் உள்ளே விழுந்தது.

"கூறையில உப்புத்தண்ணி படப்போகுது!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான். வலப்பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் எழும்பி இடப்பக்கம் ஓடி, பெட்டியைச் சுற்றிச் சால்வையும் குடையும் பிடித்தார்கள். படகு அந்தப் பக்கமே சரிந்தது. விளிம்புக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

"ரெண்டு பக்கமும் இருங்கோ! படகு பிரளப்போகுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

என்னோடு வேலை செய்த அந்தோனியிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு அக்காவிடம் போனேன்.

"அக்கா, பெட்டியைத் தாங்கோ. நடுவில எஞ்சின் அறைக்குள்ள சொட்டுத் தண்ணியும் வராது."

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தந்தார். பெட்டி உள்ளே போனபிறகும் ஒருவரும் அசையவில்லை.

"அங்கால தண்ணி அடிக்குது. நனைஞ்சுபோயே மணவறையில நிக்கிறது?" என்றார் மாமா.

படகுக்குள் தேங்கிய தண்ணீரை அள்ளி ஊற்றும் வாளி காலடியில் கிடந்தது. நிறைய அள்ளி, அவர் தலையில் ஊற்றினேன்.

"உமக்கென்ன விசரே!"

"இனி நனையிறதுக்கு ஒண்டும் இல்லை ஐயா. அங்கால போய் இருங்கோ."

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். சிரித்தபடியே எழும்பி வலப்பக்கம் போனார். நான் இரண்டாவது வாளியைத் தூக்கியதும் மற்றவர்களில் பாதிப்பேர் அவர் பின்னால் போனார்கள். படகு நிமிர்ந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சுக்கானைப் பிடித்தேன்.

முகூர்த்தம் தவறவில்லை. கூறையில் ஒரு துளி படவில்லை. மாமா மட்டும் நனைந்த பட்டைக் களைந்து, என் மாற்றுச் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சபையில் இருந்தார்.

ஆட்கள் அலைக்குப் பயந்து இடம் மாறுவது குறைவு. கையில் இருக்கும் பொருளுக்காகவே மாறுவார்கள். அன்றிலிருந்து கூறைப்பெட்டியோ, கோயில் சாமானோ, புது ரீவியோ, எதுவானாலும் முதலில் எஞ்சின் அறைக்குள் வைப்பித்து, யார் எங்கே இருப்பது என்றும் சொன்ன பிறகுதான் கயிறு அவிழ்ப்பேன்.

கடல் அடங்கியபின் அவர்கள் திரும்பினார்கள். மாமா முதல் ஆளாக ஏறி, கேட்காமலே ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு, அன்று சாரல் அடித்த வலப்பக்கமாகப் போய் இருந்தார்.

"நான் இஞ்சயே இருக்கிறன் தம்பி. நீர் அந்த வாளியைக் கண்ணில படாமல் வையும்."