நான்காவது இருக்கை

வெர்னா ஸ்டோவல் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாத்துக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு விமானி, தலையைத் தொங்கப்போட்டபடி. மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் காபிக் கோப்பையோடு நின்று பார்க்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. அந்த ஆள் விண்வெளிக்குப் போகப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரிய இன்னும் கால் சுற்று நடக்க வேண்டும்.

ஹூஸ்டனில் விண்வெளி வீரர்களின் அலுவலகத்துக்கு வெர்னாதான் தலைவி. எந்தப் பயணத்துக்கு யார் என்று பெயர் சொல்கிறவள். நல்ல செய்தி என்றால் நேரே மேஜைக்கு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "துணிமணி எடுத்து வை, கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கெட்ட செய்திக்குத்தான் குளம். ஏன் அங்கே என்று ஒருமுறை கேட்டதற்கு, "ரூமுக்குள்ள சொன்னா மூஞ்சிய எங்க வச்சுக்குவான்? நடக்கும்போது மாடியிலேருந்து முதுகுதான் தெரியும்" என்றாள். "மன்னிச்சுக்கோ" என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. "தப்பு பண்ணினாதான மன்னிப்பு?"

ஐம்பத்து மூன்று வயது. குள்ளம். முன்மயிரைச் சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்வாள். அது எப்போதும் ஒரு பக்கம் ஏறித்தான் இருக்கும். அவளுடைய பிக்கப் வண்டியில் ஏசி செத்து நாலு கோடை ஆகிறது. "சரி பண்ணக் கூடாதா?" என்றால், "வேர்த்தா செத்தா போயிடுவோம்?" என்பாள். மேஜைமேல் முழு வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாய் ஜாடி. யோசனை முற்றினால் ஒன்றை எடுத்துக் கடிப்பாள். அடுத்த அறைக்கு நறுக்கென்று கேட்கும். "தலைவி கடிக்கிறாங்கடா" என்று பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவள் மேலே போய்வந்தது ஒரே தடவை. எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு, "நல்லாருந்துச்சு" என்பதோடு சரி.

விண்ணோடங்களை நிறுத்திவிடுவது என்று மேலிடம் முடிவு செய்தபோது மூன்று பயணங்கள் மிச்சம். காத்திருந்தவர்களோ ஐம்பதுக்கு மேல். அன்றிலிருந்து வெர்னாவின் வீட்டு வாசலில் பலகாரங்கள் முளைத்தன. பெக்கான் கேக், பன்றிக்கறி வைத்த தமாலே, பீச் ஜாம். தொடாமல் எடுத்துப்போய் நுழைவாயில் காவலர்களிடம் கொடுத்துவிடுவாள். புயலில் அவள் வீட்டு வேலி சாய்ந்த மறுநாள் மூன்று விண்வெளி வீரர்கள் சுத்தியலோடு வந்து நின்றார்கள். ஜன்னல் வழியாகவே சொன்னாள்: "வேலியக் கட்டினா வேலிதான் நிக்கும், கண்ணுகளா. வேற ஒண்ணும் நடக்காது." இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். டேல் ட்ரோஸ்க்ளேர் மட்டும் நின்று, சாயங்காலம்வரை ஆணி அடித்து, வேலியை நிறுத்திவிட்டுப் போனான்.

டேல் லூசியானாச் சதுப்புநிலத்துக்காரன். ஆறடிக்கு மேல் உயரம். சிரித்தால் கட்டடம் அதிரும். வெர்னாவும் அவனும் பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பனிக்காட்டுப் பயிற்சியில் ஒரே கூடாரத்தில் நடுங்கிக் கிடந்தவர்கள். அவள் தலைவியான பிறகும் அவன் "மகராணி வர்றாங்க, எந்திரிங்கடா" என்றுதான் வரவேற்பான். வெர்னாவின் கணவன் ஹார்லன் நோயில் விழுந்து, எழுந்து நடக்க முடியாமல் போனபோது, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவனை மாடியிலிருந்து இரண்டு கையிலும் தூக்கிவந்து காரில் உட்காரவைத்தவன் டேல். இரண்டு பயணங்களுக்கு அவன் பெயர் வந்தது. இரண்டும் ரத்தாயின. பதினாறு வருடத்தில் அவன் ஒருமுறைகூட மேலே போகவில்லை.

கடைசிப் பயணத்தில் நான்கே இருக்கைகள். வழக்கமாக ஏழு பேர் போவார்கள். ஏதாவது ஆனால் மீட்டுவர இன்னொரு விண்ணோடம் தயாராக நிற்கும். கடைசிக் கலத்துக்குப் பின்னால் நிற்க எதுவும் இல்லை. ஏறும்போது அதன் அடிவயிற்றில் பதித்த, வெப்பம் தாங்கும் ஓடுகளில் ஒன்று உடைந்தாலும் போனவர்கள் அதில் திரும்ப முடியாது. விண்வெளி நிலையத்திலேயே தங்கி, ரஷ்யர்களின் சின்னக் கலத்தில் ஒவ்வொருவராக, வருடக் கணக்கில் காத்திருந்து இறங்க வேண்டும். மூன்று பெயர்கள் முடிவாகிவிட்டன. நான்காவது இருக்கைக்கு டேல், இல்லாவிட்டால் ஏற்கெனவே இரண்டு முறை போய்வந்த அனிட்டா லுஹான். கட்டடம் முழுக்க டேல் பெயரைத்தான் சொன்னது. வெர்னாவும் மேலிடத்துக்கு டேல் பெயரைத்தான் சொன்னாள். மேலிடம் தலையாட்டியது. பாக்கி ஒன்றே ஒன்று: அந்த ரஷ்யக் கலத்தின் இருக்கையில் அவன் உடம்பு அடங்குமா என்று அளக்க வேண்டும்.

அளக்கிற அறையில் மூன்று பேர்தான். டாக்டர் பிரெவிட், டேல், மூலையில் சுவரில் சாய்ந்தபடி வெர்னா. டேல் பலகை நாற்காலியில் உட்கார்ந்தான். மேலிருந்து ஒரு தட்டு இறங்கி அவன் உச்சந்தலையைத் தொட்டது. டாக்டர் குனிந்து பார்த்தார்.

"அடேயப்பா! மயிரிழையில தப்பிச்சே. உள்ளதான் இருக்கு."

டேல் சிரிக்கவில்லை. எப்போதும் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் சிரிக்காததைத்தான் வெர்னா முதலில் பார்த்தாள். பிறகு அவன் சட்டையைப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே துணி மடிந்து கிடந்தது. முதுகைக் கூனி உடம்பைக் கீழே இறக்கி வைத்திருந்தான். டேலின் கண் மூலைக்குத் திரும்பி அவள் கண்ணைச் சந்தித்தது. அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை. கெஞ்சாமல் இருக்கிற முயற்சிதான் இருந்தது. டாக்டர் தட்டை உயர்த்தக் கையை நீட்டினார்.

"நிமிந்து உக்காரு, டேல்" என்றாள் வெர்னா.

"நிமிந்துதான் இருக்கேன்."

"என்னப் பாத்துச் சொல்லு."

டேலின் தொடைமேல் இருந்த கைகள் மூடின. பிறகு அவன் மெல்ல மெல்ல, ஒவ்வொரு எலும்பாக நிமிர்ந்தான். தலைமேல் இருந்த தட்டு மேலே ஏறிற்று. டாக்டர் மறுபடி குனிந்து பார்த்தார்.

"ஒரு விரக்கடைதான் கூட இருக்கு, வெர்னா. அவங்ககிட்டப் பேசிப் பாக்கலாமே."

"மேல இருந்தா ஆளு இன்னும் வளருவானா, மாட்டானா?"

"வளருவான். எல்லாருக்கும் முதுகு கொஞ்சம் நீளும்."

"அந்தக் கலம் தரையில எறங்கி மோதுறப்போ, தலை மேல முட்டிட்டு இருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கழுத்து போயிடும்" என்றார்.

டேல் எழுந்தான். "ஓடு ஒடைஞ்சாத்தானே இதெல்லாம்? நூறு தடவைக்கு மேல போயிட்டு வந்தாச்சு. இத்தன நாள்ல எத்தன ஒடைஞ்சுது, சொல்லு. நூத்துல ஒண்ணு நடக்குமா?"

"அந்த ஒண்ணுக்குத்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க."

"சரி. கிளம்பு. குளத்தைச் சுத்தணுமே?"

அவள் பதில் சொல்லுமுன் அவனே கையை வீசினான். "வேண்டாம் மகராணி. ஊரே பாக்க என்னால நடக்க முடியாது. இங்கயே சொல்லிரு."

"நீ போகல, டேல்."

"நீ போயிட்டு வந்தவ. உனக்கென்ன" என்றான் அவன். கதவை அறையவில்லை. பார்த்துப் பார்த்து மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அறைந்திருந்தால் தேவலை என்று வெர்னாவுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை அனிட்டாவின் மேஜைக்குப் போய், "துணிமணி எடுத்து வை, கண்ணு" என்றாள். யாரும் கைதட்டவில்லை. அனிட்டா எழுந்து நின்றாள். "டேல்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"நான் வேண்டாம்னு சொன்னா அவருக்குக் கிடைக்குமா?"

"கிடைக்காது. வேற ஆளுக்குப் போகும்."

அனிட்டா உட்கார்ந்துவிட்டாள். அன்று பகல் முழுக்க அந்த மாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கிறவன் வரவில்லை.

அந்த வார இறுதியில் கடைத்தெருவில் வண்டி நிறுத்துமிடத்தில் டேலின் மனைவி யுவான் குறுக்கே வந்து நின்றாள். கையில் பால் கேன். அதைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"ஒரு விரக்கடை. டாக்டரே பாக்கல. நீ வாயத் தெறக்காம இருந்திருந்தா?"

"இருந்திருந்தா போயிருப்பான்."

"ஹார்லன என் புருஷன் கொழந்த மாதிரி தூக்கிட்டுப் போனான், வெர்னா."

"ஞாபகம் இருக்கு."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

வெர்னாவுக்குச் சொல்ல இருந்தது ஒன்றுதான்: ஹார்லனைத் தூக்கிப்போனவனை, கழுத்து முறிந்து தரையில் கிடக்கிறவனாக அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அதைச் சொன்னால் இரக்கம் கேட்பதுபோல ஆகிவிடும். யுவான் நகரும்வரை நின்றுவிட்டு வண்டியில் ஏறினாள். வீட்டுக்குப் போய்ச் சாமான்களை இறக்காமல் வண்டிக்குள்ளேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, "ஏதாச்சும் ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து டேல் அவள் அறைக்கு வந்தான். உட்காரவில்லை. புறப்படும் நாளில் கலத்துக்குள் ஏறி, நான்கு பேரையும் இருக்கையோடு பட்டி போட்டு இறுக்கிவிடும் வேலை தனக்கு வேண்டும் என்றான். அவன் போனதும் ஆளாளுக்கு வந்து வெர்னாவிடம் முணுமுணுத்தார்கள். மனசு உடைந்தவனை அந்தக் கதவுக்குள்ளே விடலாமா, கை நடுங்கினால் என்ன ஆகும் என்று. அவள் ஒரு ஊறுகாயை எடுத்துக் கடித்தாள். "அவன் கை எனக்குத் தெரியும்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, புறப்படும் காலையில் ஃப்ளோரிடா ஏவுதளத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவள் கண் அந்தக் கையைத்தான் தேடியது. திரையில் டேலின் முதுகு மட்டும் தெரிந்தது. முதல் மூவரும் முடிந்து அனிட்டாவிடம் வந்தான். தோள்பட்டியை மாட்டினான். இழுத்தான். நிறுத்தினான். பிறகு மாட்டியதை அவிழ்த்தான். அறை முழுக்கத் திரும்பி வெர்னாவைப் பார்த்தது. ஒருவர் ஒலிவாங்கியை நோக்கிக் கை நீட்டினார். "சும்மாயிருங்க" என்றாள் வெர்னா, குரலை உயர்த்தாமல். ஒலிபெருக்கியில் டேலின் குரல் வந்தது: "பட்டி முறுக்கிட்டிருக்கு. திருப்பிப் போடறேன். நேரம் இருக்கு." இரண்டாவது முறை மாட்டி, இழுத்து, உள்ளங்கையால் அனிட்டாவின் தலைக்கவசத்தை ஒரு தட்டுத் தட்டினான். குனிந்து ஏதோ சொன்னான். அது என்ன என்பதை அனிட்டா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. கதவு மூடியது. கலம் ஏறியது.

ஏறிய மறுநாள் கலத்தின் அடிவயிற்றைப் படமெடுத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். ஒரு ஓடும் உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ரஷ்யக் கலம் யாருக்கும் தேவைப்படவில்லை. நான்கு பேரும் போன கலத்திலேயே பத்திரமாக இறங்கினார்கள். டேல் போயிருந்தாலும் அப்படியேதான் இறங்கியிருப்பான். இதை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அறிவார்கள். வெர்னாவின் முன்னால் ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பி வந்தவர்களை ஹூஸ்டனில் விமானக் கொட்டகையில் வரவேற்றார்கள். பேச்சுகள் முடிந்ததும் நீள மேஜைகளில் பீன்ஸும் சோளரொட்டியும். வெர்னா ஓரமாக, ஆளில்லாத மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தட்டு வந்து இறங்கியது. டேல்.



"ஓடு ஒண்ணும் ஒடையல, வெர்னா."

"இல்ல. ஒடையல."

"திரும்ப அந்த ரூமுல உக்காந்தா?"

"நிமிந்து உக்காருன்னுதான் சொல்லுவேன்."

டேல் தலையாட்டினான். ஒப்புக்கொண்டானா, வெறுமனே கேட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை. கரண்டியை எடுத்து, தட்டைப் பார்த்து, அக்கம்பக்கம் எதையோ தேடினான். வெர்னா எழுந்து மூன்று மேஜை தள்ளிப் போய், மிளகாய்ச் சாற்றுப் புட்டியை எடுத்துவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் பீன்ஸ் சிவக்கச் சிவக்க உதறிக்கொண்டான். பிறகு மூடியைப் போடாமல், அவளைப் பார்க்காமல், புட்டியை அவள் பக்கமாக நகர்த்தினான்.

காரம் வெர்னாவுக்கு ஆகாது. நாக்கில் பட்டால் கண்ணில் நீர் கொட்டும். அவள் புட்டியை எடுத்து, தன் தட்டின்மேல் கவிழ்த்து, அவன் உதறிய அளவுக்கே உதறினாள்.