கச்சான் காற்றின் மேல் போட்ட பழி

சூடான ரப்பர் வாசனை...

உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்கு சைக்கிள் மிதித்த நாட்களை நினைத்தால், முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். வெயிலில் தார் ரோடு இளகுகிற வாசனை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மக்கு நான்!

தொண்ணூறுகளின் ஆரம்பம். ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ராமேஸ்வரத்திலிருந்து வருகிற பஸ்கள் கோயிலுக்கு வந்த கூட்டத்தை அடைத்துக்கொண்டு, எங்கள் ஸ்டாப்பில் நிற்காமலே பறந்துவிடும். தினமும் லேட்.

"இன்னொரு தரம் லேட்டுன்னா வீட்லயே இருந்துக்கம்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா மாப்பிள்ளை ஜாதகங்களோடு தயாராக இருந்தாள். வேலை போன மறுநாளே பெண் பார்க்க வந்துவிடுவார்கள். எனக்கோ அந்த வேலைதான் உயிர். துபாய் போயிருந்த அண்ணனின் பழைய சைக்கிளை எடுத்தேன். ஓட்டப் பழகியதே அதில்தான்.

முதல் வாரம்... ஐயோ! கடைப் படி ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொடை இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. அம்மாதான் தேங்காயெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துவிடுவாள். உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பாள்.

"ஒனக்கு எதுக்குடி இந்தப் பாடு? வேலைய விட்டுரு."

"எதிர்க்காத்தும்மா. கச்சான் நின்னாச் சரியாப் போயிரும்."

மேற்கிலிருந்து முகத்தில் அடித்த கச்சான் நின்றது. வாடைக்காற்று வந்தது. அது காலையில் முதுகைப் பிடித்துத் தள்ளியும் சைக்கிள் என்னவோ கனத்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் கால் பழகிவிட்டது. வழியெல்லாம் இறங்கி நின்றவள், பிறகு நடுவழியில் பெருங்குளம் ஊரில் மட்டும் நின்றேன். அப்புறம் அங்கேயும் நிற்கவில்லை. லேட் என்ற பேச்சே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் அம்மாவே சைக்கிளை ரிப்பேர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் எண்ணெய் போட்டு வருவாள். என்ன பாசம் என்று உருகிப்போவேன்.

அடுத்த வருஷம் அண்ணன் லீவில் வந்தான். பால் வாங்க என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன், வியர்த்துக் கொட்டத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஏய் புள்ள... இதுலயா தெனமும் ராம்நாடு போயிட்டு வார?"

"ஆமாண்ணே. ஏன்?"

ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டான். அரைச் சுற்று... அவ்வளவுதான், நின்றுவிட்டது. பிரேக் கட்டை ரிம்மைக் கவ்விப் பிடித்திருந்தது. ரப்பர் கருகிப்போயிருந்தது.

"அந்த சைக்கிள் கடைக்காரனைச் சும்மா விடமாட்டேன்" என்று அண்ணன் கிளம்பினான்.

"அவனை ஏன்டா வையுற? நாந்தான் இறுக்கி வைக்கச் சொன்னேன்" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வாராவாரம் சொல்லி இறுக்குனேன். கால் வலிச்சு அவளா வேலைய விட்டுருவான்னு பாத்தேன். எங்க விட்டா?"

எண்ணெய் தேய்த்த கை... களி கிண்டிய கை... அதே கையா? இரண்டு நாள் நான் அம்மாவோடு பேசவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

அண்ணன் பிரேக்கைத் தளர்த்திக் கொடுத்தான். மறுநாள் ஏறி ஒரு மிதி மிதித்தேன் பாருங்கள்... பயந்தே போனேன்! சைக்கிள் என்னை விட்டுவிட்டுப் போய்விடும் போலிருந்தது. கடைக்குப் போனால் ஷட்டரே திறக்கவில்லை. பூட்டைத் திறக்க வந்த முதலாளி, "ராத்திரி வீட்டுக்குப் போகலையாம்மா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அம்மா ஜாதகங்களை எடுக்கவில்லை. நானாகச் சரி என்று சொல்லும்வரை காத்திருந்தாள்.

இப்போது மதுரையில் இருக்கிறேன். எதற்கெடுத்தாலும் ஸ்கூட்டர். மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் மகள் ஜிம்மில் சேர்த்துவிட்டாள். அங்கே ஒரு சைக்கிள், எங்கேயும் போகாத சைக்கிள். காற்று இல்லை, பெருங்குளம் இல்லை. பயிற்சி கொடுக்கிற பையன் ஒரு திருகைத் திருகினான். மிதி கனத்தது. எங்கேயோ பழகிய கனம்.

"லோடு ஏத்தினாத்தான் மேடம் ஸ்டாமினா வரும்" என்றான்.

மிதிப்பதை நிறுத்திவிட்டு அங்கிருந்தே ஊருக்கு போன் போட்டேன்.

"அம்மா, இங்கன காசு வாங்கிக்கிட்டு பிரேக்க இறுக்குறாங்கம்மா!"

அந்தப் பக்கத்திலிருந்து அம்மா வெடுக்கென்று சொன்னாள்.

"நான் சும்மா செஞ்சதுக்கு என்னா ஆட்டம் ஆடுன!"