கிளிக்கு எண்ணெய் தேய்த்த சனிக்கிழமைகள்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், கலியாணத்துக்கு முன்பே எனக்கு ஒரு துணை இருந்தது. பாசார் என்கிற சந்தையில் ஒரு மலாய்க்காரரிடம் வாங்கிய பச்சைக் கிளி. நான்கு வருஷம் நாங்கள் இருவரும் தனிக்குடித்தனம் நடத்தினோம். ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத் தோளில் ஏற்றிக்கொள்வேன். பெரிய கிளார்க்கின் இருமல், காணாமல்போன சரக்கு வண்டி, நான் வாங்கிய திட்டு எல்லாவற்றையும் அதனிடம் ஒப்பிப்பேன். குறுக்கே பேசாமல் கேட்கும் ஆள் அந்த ஊரில் அது ஒன்றுதான்.

பிறகு கிள்ளானிலிருந்து மனைவி வந்தாள். அவளும் குறுக்கே பேசாதவள். அதனால் என் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் மாதம் கிளியின் குணம் மாறியது. என் தோளில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டும். தின்ற வாழைப்பழத்தைக் கக்கி என் காதோரம் வைக்கும். மனைவி பக்கத்தில் வந்தால் இறக்கையை விரித்துக்கொண்டு பாயும். ஒருநாள் காபி கொண்டுவந்தவளின் விரலைக் கடித்து ரத்தம் பார்த்துவிட்டது. எனக்கோ அவள் விரலைவிடக் கிளியின் வாந்திதான் பெரிய கவலையாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கண்டவரிடமெல்லாம் வைத்தியம் கேட்டேன். பக்கத்து மேசைக் குமாஸ்தா ஒரே பேச்சில் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"அண்ணே, இது வேற ஒண்ணும் இல்ல லா, சூடு. இந்த ஊரு வெயிலு மனுசனுக்கே தாங்கல. சனிக்கிழம நல்லெண்ண தேச்சு விடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்."

கண்வலி, கோபம், பரீட்சையில் தோல்வி எல்லாவற்றுக்கும் நம்மவர்களுக்குச் சூடுதான் காரணம். கிளிக்கு மட்டும் வேறு காரணமா இருக்கப்போகிறது? சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக்கொண்ட கையோடு அதற்கும் இரண்டு சொட்டு வைத்து, கழுத்திலிருந்து வால்வரை நீவிவிட்டேன். கிளி கண்ணைச் செருகி, இறக்கையைத் தளர்த்தி, மெல்ல முனகியது. மருந்து வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன். குளிர்ச்சியாகப் படுக்கட்டும் என்று மண்ணெண்ணெய் டின் வந்த ஒரு மரப்பெட்டியைச் சாய்த்து வைத்து, உள்ளே பழந்துணி போட்டேன். வயிற்றுக்கு இதமாக வெதுவெதுப்பான குழைந்த சோற்றைக் கையால் ஊட்டினேன். பெற்ற தாய்கூட அவ்வளவு செய்திருக்கமாட்டாள்.

வைத்தியம் ஏற ஏற நோயும் ஏறியது. பெட்டி வாசலில் கிளி காவல் நின்றது. மனைவி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினாள். நான்காவது சனிக்கிழமை அது பறந்துவந்து அவள் காதைத் தோட்டோடு சேர்த்துக் கிழித்தது. நான் கேட்ட முதல் கேள்வி, "நீ அத என்ன பண்ணின?"

அவள் காதில் மஞ்சளை அப்பிக்கொண்டு, டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"நாளைக்குக் காலைல கிள்ளானுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது.

"அதுக்கு உடம்பு சரியில்ல..." என்று இழுத்தேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அதுக்குப் பருவம். உங்களத் தன் ஜோடின்னு நெனக்குது. எங்கப்பா வீட்டுல புறா வளத்தவ நான். ஆண் புறா ஜோடிக்குக் கக்கி ஊட்டும், பொந்து தேடும், கிட்ட வர்றதக் கொத்தும். நீங்க முதுக நீவி விட்டு, பொந்து வச்சுக் குடுத்து, சோறும் ஊட்டுறீங்க. அது என்ன பண்ணும், பாவம்! அதப் பொறுத்தவரைக்கும் நடுவுல வந்தவ நாந்தான்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? ஆபீஸ்ல கேட்டீங்க, மருந்துக் கடைல கேட்டீங்க, பாசார்ல போயிக்கூடக் கேட்டீங்க."

டிரங்குப் பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இப்பக் கேக்குறேன். என்ன செய்யணும்?" என்றேன்.

புடவையை மடித்தபடியே சொன்னாள். பெட்டியை எடுத்துவிட வேண்டும். தலையைத் தவிர வேறெங்கும் தொடக்கூடாது. வெதுவெதுப்பான சோறு வேண்டாம், தானியம் போதும். கடித்துப் பொழுதுபோக்கப் பச்சைக் குச்சிகள். வெளிச்சம் மங்கும்போதே கூண்டை மூடி நன்றாகத் தூங்கவிட வேண்டும். தோள் சவாரி கிடையாது. அடிக்கவும் கூடாது, அதன்மேல் தப்பில்லை. பருவம் தானாகப் போய்விடும்.

பெட்டியை எடுக்கப் போனபோது என் கட்டை விரலில் கிளி அழுந்தக் கடித்தது. அப்போதுதான் அந்தக் கடியின் வலி எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு காலை ரயிலுக்கு அவள் கிளம்பவில்லை. டிரங்குப் பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. திங்கட்கிழமை மாலை நான் வந்தபோது கூண்டின் மேல் துணி போர்த்தியிருந்தது. தோள் காலியாக இருந்தது. வாயை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் காபியை வைத்துவிட்டு, வழக்கம்போல அடுப்பங்கரைக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்தாள்.

"பெரிய கிளார்க்குக்கு இருமல் நின்னுடுச்சா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"அடுப்பங்கரைல நின்னு தினமும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். காணாமப்போன அந்தச் சரக்கு வண்டி கெடச்சுதா?"

வண்டியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவள் நான்கு தடவை குறுக்கே பேசினாள். மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டி காலியாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது.